மகளை மக்களாக்கிய கீபோர்டு: ஒரு பழுது ஆய்வு

செங்கோட்டையில் பத்திரம் எழுதும் அண்ணாச்சி ஒருவரிடம் டைப்பிங் வேலை பார்க்கும் அக்கா கொண்டுவந்த கீபோர்டு இது. 87 கீ உள்ள மெக்கானிக்கல் வகை, அதாவது ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச்; நம்பர் பேட் கிடையாது. ஈயம் உருக்காமலே ஸ்விட்சுகளைப் பிடுங்கி மாற்றிக்கொள்ளக்கூடிய ஹாட்ஸ்வாப் போர்டு. கேரளத்தின் புனலூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, அங்கே ஒரு கல்லூரி மாணவரிடம் 1,500 ரூபாய்க்குப் பழசாக வாங்கி, ஊருக்கு ரயிலில் வரும்போது கையோடு எடுத்து வந்திருக்கிறார். சாதாரண மெம்பரேன் கீபோர்டில் நாள் பூராவும் தட்டி அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி. இதில் தட்டுவது லேசாக இருந்ததால் எப்படியாவது சரிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

"தம்பி, நான் ஒரு தட்டுதான் தட்டுதேன், ரெண்டு விழுது. இன்னொரு கீ விழவே மாட்டேங்கு. சாரல் காத்துல ஈரம் ஏறிட்டோ என்னமோ."

அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டேன். க இரட்டிக்கிறது. த இரட்டிக்கிறது. ல சில நேரம் விழுவதில்லை. நடுநடுவே கீபோர்டு மொத்தமாகச் செத்துப் பிழைக்கிறது. அம்புக்குறிகள் வேலை செய்யவில்லை, அதற்குப் பதில் எழுத்துகள் விழுகின்றன. இப்படி ஐந்து குறை சொன்னால் போர்டே போச்சு என்று தூக்கிப் போடத்தான் தோன்றும். ஆனால் ஐந்து குறை என்றால் ஐந்து பழுது என்று அர்த்தமில்லை, ஒரே பழுது என்றும் அர்த்தமில்லை. இந்த போர்டில் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு குறைகளுக்குத் தனித்தனிக் காரணம் இருந்தது. வேறு வேறாகத் தெரிந்த இரண்டுக்கு ஒரே காரணம் இருந்தது. அதை எப்படிப் பிரித்தோம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு எழுத்து இரட்டித்தால் என்ன ஆகும்

அக்கா தமிழ்99 முறையில் தட்டுபவர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. அதில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். கக என்று தட்டினால் க்க. தத என்று தட்டினால் த்த. தமிழில் இரட்டை மெய் நிறைய வருவதால் புள்ளிக்கென்று தனியாக விரலை நகர்த்த வேண்டிய வேலை பெரிதும் மிச்சம்.

கீபோர்டு ஒழுங்காக இருக்கும்வரை இது வரம். கீ இரட்டிக்கத் தொடங்கினால் அதே வசதி பிழையை மறைத்துவிடும். பழைய டைப்ரைட்டர் முறையில் க கூடுதலாக ஒன்று விழுந்தால் 'மககள்' என்று பல்லை இளித்துக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் திருத்திவிடலாம். தமிழ்99-ல் அதே பிழை 'மக்கள்' என்று விழும். அது பிழையே இல்லாத ஒரு சொல். எந்த எழுத்துப்பிழை திருத்தியும் அதன் கீழே கோடு போடாது.

ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் நடந்ததும் அதுதான். 'என் மகள்' என்று வரவேண்டிய ஓர் இடத்தில் 'என் மக்கள்' என்று விழுந்திருந்தது. ஒருத்திக்கு எழுதிக்கொடுக்கும் சொத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் என்று படிக்கும்படி ஆகிவிட்டது. பதிவுக்குப் போவதற்கு முன் அண்ணாச்சி வாய்விட்டு வாசித்துப் பார்ப்பவர் என்பதால் மாட்டியது. பதிவான பிறகு தெரிந்திருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி, எழுதிக்கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி பதிவுக்குப் போயிருக்க வேண்டும். எழுதிக்கொடுத்தவர் வயதானவர், நடமாட முடியாதவர் என்றால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அலைச்சல்! 'சதுர அடி' 'சத்துர அடி' ஆனதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். 'இலை', 'இல்லை' மாதிரியும் 'படம்', 'பட்டம்' மாதிரியும் இரண்டு பக்கமும் சொல்லாக நிற்பவைதான் ஆபத்து.

இந்தப் பக்கத்துப் பத்திரங்கள் நீளமானவை வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்திய திருவிதாங்கூர் காலத்து மூலப்பத்திரங்கள் இருந்தால் கொல்லம் ஆண்டுக் கணக்கிலிருந்து சொத்தின் வழியைச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். பக்கம் பக்கமாகத் தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் திரையில் சரிபார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. இப்படிப்பட்ட வேலைக்கு, அரைகுறையாக ஓடும் கீபோர்டைவிட அடியோடு செத்த கீபோர்டு மேல் என்பது என் கருத்து.

சீக்கிரம் தீர்ந்த இரண்டு

அம்புக்குறிப் பிரச்சினை பழுதே இல்லை. பழைய கேமிங் கீபோர்டு வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். எஃப்என் கீயோடு டபிள்யூவைச் சேர்த்து அழுத்தினால் அம்புக்குறிகளும் டபிள்யூ, ஏ, எஸ், டி கீகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு சில போர்டுகளில் உண்டு. முன்பு வைத்திருந்தவர் மாற்றியது அப்படியே நினைவில் நின்றிருக்கிறது. திரும்ப ஒருமுறை அழுத்தியதும் சரியாகிவிட்டது. விண்டோஸ் கீ வேலை செய்யவில்லை என்று வருபவற்றிலும் முதலில் இந்த மாதிரி பூட்டு போட்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

செத்துப் பிழைத்ததற்குக் காரணம் கீபோர்டு அல்ல, அதைச் செருகியிருந்த யுஎஸ்பி ஹப், ஒரு இணைப்பைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி. தனியாகப் பவர் அடாப்டர் இல்லாத ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், கீபோர்டு எல்லாம் ஒன்றாகத் தொங்கின. யுஎஸ்பி 2.0 விதிப்படி கம்ப்யூட்டரின் நேரடி யுஎஸ்பி செருகுவாய் 500 மில்லி ஆம்பியர் வரை தரும். பவர் இல்லாத ஹப் ஒரு செருகுவாய்க்கு 100 மில்லி ஆம்பியர்தான் தரவேண்டும். 87 கீக்கும் அடியில் விளக்கு எரியும் போர்டு அதில் ஓடினால் வெளிச்சம் கூடும்போதெல்லாம் தடுமாறும். சிபியுவின் பின்பக்கம் நேராகச் செருகி, விளக்கையும் குறைத்து வைத்தோம். கேபிளை ஆட்டி, வளைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு, கீபோர்டு அறுந்து சேரும்போது கம்ப்யூட்டர் போடும் சத்தம் வரவில்லை.

மீதி க, த, ல மூன்றும்.

மென்பொருளால் மூடிவிடலாமா

முதலில் அக்கா கேட்டது இதைத்தான். "கம்ப்யூட்டர்லயே ஏதோ செட்டிங் இருக்காமே தம்பி, ரெண்டாவது விழுறத எடுத்துக்காம விட்டுரும்னு சொன்னாவ."

விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறது. அதே கீ குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடும். ஆனால் அதில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த நேரமே அரை நொடி. கை நடுக்கம் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட வசதி அது, அவர்களுக்கு அந்த அளவு தேவை. தமிழ்99-ல் தட்டுபவருக்கு அது ஆகவே ஆகாது. 'பக்கம்' என்று தட்ட க-வை இரண்டு முறை வேண்டுமென்றே தட்டுகிறோம். அந்த இரண்டு தட்டுக்கும் நடுவே அரை நொடி யாரும் காத்திருப்பதில்லை. அதனால் 'பக்கம்' 'பகம்' ஆகும், 'பத்திரம்' 'பதிரம்' ஆகும். ஒரு பிழையை மூட இன்னொன்றைத் திறந்துவிட்ட கதைதான்.

மில்லிநொடிக் கணக்கில் வடிகட்டும் சின்னச் சின்ன நிரல்களும் இருக்கின்றன. கேம் விளையாடுகிறவருக்கு அதை யோசிக்காமல் சொல்வேன். பத்திரம் தட்டும் கம்ப்யூட்டரில், அந்த நிரல் ஒருநாள் ஓடாமல் போனால் யாருக்கும் தெரியாது என்பதால் வேண்டாம் என்றேன். அதுபோக, நிரல் இரட்டிப்பை மறைக்குமே தவிர, விழாத ல-வைக் கொண்டுவந்து தராது.

இரட்டிப்பை அளந்து பார்த்தது

கண்ணால் பார்த்து இரட்டிப்பை ஆராய முடியாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி இவ்டெஸ்ட் என்ற கருவியை ஓட்டினேன். ஒவ்வொரு கீயும் எப்போது அழுந்தியது, எப்போது விடுபட்டது என்று மைக்ரோநொடி வரை நேரம் போட்டுக் காட்டும். அழுந்தினால் 1, விட்டால் 0, அழுத்திக்கொண்டே இருப்பதால் தானாகத் திரும்ப வந்தால் 2. இந்த 2 முக்கியம். விரல் கனமாக இருந்து கீயை நேரம் கழித்து விடுவதால் வரும் இரட்டிப்பு 2 என்று காட்டும், அது கீபோர்டின் குற்றமல்ல. அக்காவின் விஷயத்தில் 2 வரவே இல்லை. 1, 0, மறுபடி 1 என்றுதான் வந்தது.

விட்டதற்கும் மறுபடி அழுந்தியதற்கும் இடையே 10 முதல் 20 மில்லிநொடிதான். நல்ல வேகமான விரலுக்கும் ஒரே கீயை மறுபடி தட்ட இதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். ஆக, தட்டியவர் மேல் தப்பில்லை. அண்ணாச்சி கொஞ்ச நாளாக "கவனமா தட்டும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அக்காவுக்கு இதைத் தெரிந்துகொள்வது பெரிய ஆறுதலாக இருந்தது. திரையில் அந்த வரிகளைக் காட்டியபோது, "அப்ப நான் சரியாத்தான் தட்டியிருக்கேன்" என்றார்.

எந்த ஸ்விட்சிலும் உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லிநொடி துள்ளல் இருக்கும், அதாவது தொட்டு, விலகி, மறுபடி தொடும். நல்ல ஸ்விட்சுக்கும் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் விட, கீபோர்டுக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் ஒரு சின்னக் காத்திருப்பு வைத்திருப்பார்கள். க்யூஎம்கே என்ற திறந்த ஃபர்ம்வேரில் அது வழக்கமாக 5 மில்லிநொடி. அதில் ஓடும் போர்டு என்றால் அந்த எண்ணைக் கூட்டிப் பார்க்கலாம். இந்த போர்டின் ஃபர்ம்வேர் கைவைக்க முடியாதது.

இவ்டெஸ்ட் இன்னொரு விஷயத்தையும் காட்டியது. த-வில் துள்ளல் அழுத்தத்தின் தொடக்கத்திலேயே வந்தது. க-வில் அப்படி இல்லை. முதல் 1 சுத்தமாக விழும், கொஞ்ச நேரம் கழித்து 0 வரும், உடனே மறுபடி 1. அதாவது கீ அடியில் போய் இடிக்கும் தறுவாயில் இணைப்பு அறுந்து சேருகிறது.

இதை விரலாலேயே உறுதிசெய்துகொள்ளலாம். செர்ரி எம்எக்ஸ் பாணி சிவப்பு ஸ்விட்சில் கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அதனால் அடிவரை போகாமல் பாதியில் நிறுத்தி எழுத்தை விழவைக்க முடியும். க-வை அப்படி மெதுவாகப் பாதி மட்டும் அழுத்தியபோது ஒன்றுதான் விழுந்தது. அடிவரை இடித்தால் இரண்டு. த-வைப் பாதி அழுத்தினாலும் இரண்டு விழுந்தது. மெதுவாக அழுத்தினால் இன்னும் மோசம்.

இடம் மாற்றிப் பார்த்தது

ஹாட்ஸ்வாப் போர்டில் பழுது தேடுகிறவருக்கு உள்ள பெரிய வசதி இது. சந்தேகப்படும் ஸ்விட்சைப் பிடுங்கி, யாரும் தொடாத கீயின் இடத்தில் போடலாம். பாஸ் (Pause), ஸ்க்ரோல் லாக் கீகள் இரண்டும் அதற்கென்றே இருப்பவை. பழுது ஸ்விட்சோடு போனால் ஸ்விட்சில் கோளாறு. பழுது அங்கேயே நின்றால் போர்டில் கோளாறு.

த-வின் ஸ்விட்சை ஸ்க்ரோல் லாக் இடத்துக்கும், அதை இதன் இடத்துக்கும் மாற்றினேன். த சுத்தமாகிவிட்டது, ஸ்க்ரோல் லாக் துள்ள ஆரம்பித்தது. சரி, ஸ்விட்ச்தான்.

க-வின் ஸ்விட்சை பாஸ் இடத்துக்கு மாற்றினேன். பாஸ் சுத்தமாக ஓடியது. நல்ல ஸ்விட்ச் போட்ட பிறகும் க அதேபோல இரட்டித்தது. அப்படியென்றால் ஸ்விட்சை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீராது. பழுது அந்த இடத்தில், போர்டில் இருக்கிறது.

பிடுங்கிய க ஸ்விட்சைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒரு தடயமும் கிடைத்தது. அதன் இரண்டு உலோகக் கால்களில் ஒன்றின் நடுவே குறுக்காக ஒரு மடிப்புத் தழும்பு. ஒருகாலத்தில் வளைந்து, பிறகு இடுக்கியால் நிமிர்த்தப்பட்ட கால்.

விழாத ல

இங்கே மேட்ரிக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 87 கீக்கும் தனித்தனியாக ஒயர் இழுத்தால் கட்டுப்படுத்தும் சிப்பில் அத்தனை கால் வேண்டும். அதனால் கீகளைக் கிடைவரிசை, நெடுவரிசை என்று பின்னிவிடுவார்கள். 6 கிடை, 17 நெடு என்று வைத்தால் 23 இணைப்பே போதும். ஒவ்வொரு கீயின் ஒரு கால் நெடுவரிசை டிராக்கில், அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோட்டில், நேராக உட்காரும், இன்னொரு கால் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டையோடு வழியாகக் கிடைவரிசைக்குப் போகும். பல கீகளை ஒன்றாக அழுத்தும்போது அழுத்தாத எழுத்து விழாமல் இருக்கத்தான் அந்த டையோடு.

போர்டைத் திறந்ததும் டிராக்கைப் பின்தொடர்ந்து பார்த்தேன். ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழாக 6, ள, க, ல என்று வருகிறது. ஆங்கிலத்தில் சொன்னால் ஒய், எச், என் கீகள். மேலே இருக்கும் சிப்பிலிருந்து வரும் டிராக் ள-வின் பேடை (ஈயம் பற்றவைக்கும் செம்புத் திட்டை) தொட்டு, க-வின் பேடுக்குள் நுழைந்து, அதைத் தாண்டித்தான் ல-வுக்குப் போகிறது. ள-வில் ஒரு குறையும் இல்லை. க இரட்டிக்கிறது. ல சில நேரம் விழுவதில்லை. வாய்க்காலின் தலைமடையில் தண்ணீர் நன்றாக ஓடி, நடுமடையில் விட்டுவிட்டு வந்து, கடைமடைக்கு எட்டாமல் போனால் உடைப்பு எங்கே என்று எந்த விவசாயிக்கும் தெரியும். உடைப்பு க-வின் வாசலில் இருக்க வேண்டும்.

'நிலம்' 'நிம்' என்று விழுந்ததையும் 'மகள்' 'மக்கள்' ஆனதையும் அக்கா இரண்டு தனிக் குறையாகத்தான் சொல்லியிருந்தார். அப்படித்தான் யாரும் சொல்வார்கள், ஒன்று கூடுதலாக விழுகிறது, மற்றது விழவே இல்லை. ஆனால் விரிசல் ஒன்றேதான். க-வை இடிக்கும்போது அந்த இடமே ஆடுவதால் இணைப்பு அறுந்து உடனே சேர்ந்து, இரண்டு தட்டாகப் பதிகிறது. ல-வைத் தட்டும்போது, அந்த நேரம் விரிசல் திறந்த நிலையில் இருந்தால், ஒன்றுமே போய்ச் சேருவதில்லை.

பின்பக்கம்

அடிப்பெட்டியைக் கழற்றினால் பிசிபியின், அதாவது டிராக்குகள் ஓடும் மின்சுற்றுப் பலகையின், பின்பக்கம் அப்படியே தெரியும். ஹாட்ஸ்வாப் சாக்கெட்டுகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு உலோகக் காது, அந்தக் காதுகள் பிசிபியின் பேடுகளில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். முன்பக்கத்திலிருந்து ஸ்விட்சைச் செருகும்போது கொடுக்கும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த ஈயமும் மெல்லிய செம்புப் பேடும்தான். ஸ்விட்சின் கால் வளைந்திருந்தால் அது துளைக்குள் போகாமல் சாக்கெட்டை முதுகில் குத்தித் தள்ளும். இன்னும் பலமாக அழுத்தினால் பேடோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது க-வின் சாக்கெட் ஒரு பக்கம் மட்டும் தாளின் கனத்துக்குத் தூக்கி நின்றது. காதில் ஈயம் பளபளவென்று கெட்டியாகத்தான் இருந்தது. ஈயம் விடவில்லை, அடியிலுள்ள செம்புப் பேடே பலகையை விட்டு எழுந்திருந்தது. டிராக் பேடுக்குள் நுழையும் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இது கண்ணுக்கே படாது.

மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் கண்டினியூட்டியில் வைத்து ஒரு முனையை ள-வின் பேடிலும் மறுமுனையை க-வின் காதிலும் தொட்டேன். பீப் வந்தது. பல்குச்சியால் சாக்கெட்டை லேசாக நெம்பினேன், பீப் நின்றது. விட்டேன், வந்தது. ள-விலிருந்து ல-வுக்கும் அதே கதை. மறுபக்கத்து டையோடைச் சோதித்தால் 0.6 வோல்ட் சுமாருக்குக் காட்டியது, அதில் குறையில்லை. அந்தக் கிடைவரிசையில் மற்ற கீகள் ஒழுங்காக ஓடுவதாலும் அந்தப் பக்கம் சந்தேகம் இல்லை.

த-வின் ஸ்விட்சையும் திறந்தேன். ஓரங்களில் உள்ள கொக்கிகளை நெம்பினால் மேல்மூடி வந்துவிடும். உள்ளே ஸ்டெம் (கீயோடு இறங்கி ஏறும் தண்டு), ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடு. இந்த வகை ஸ்விட்சில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விரல் அழுத்துவதால் தகடுகள் சேருவதில்லை. கீ மேலே இருக்கும்போது ஸ்டெம்மின் கால் ஒரு தகட்டைத் தள்ளி வைத்திருக்கிறது. கீ இறங்கும்போது அந்தக் கால் விலகுகிறது, தகடு தன் சொந்த வில்விசையால் போய் மற்றதைத் தொடுகிறது. அதனால் எழுத்து சரியாக விழவில்லையே என்று ஓங்கித் தட்டினால் ஒரு பயனும் இல்லை. அந்த மெல்லிய தகட்டின் விசைக்கு நடுவே ஏதாவது படிந்திருந்தால் அது அப்படியேதான் கிடக்கும். இதில் படிந்திருந்தது வெள்ளையாக, கெட்டியான கிரீஸ்.

சாரல் ஈரம் என்ற சந்தேகமும் இங்கே தீர்ந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஆனி, ஆடி முழுக்க இந்த ஊரில் எல்லாமே நமத்துப் போகும், உண்மைதான். ஆனால் தகடுகளில் பச்சையோ கறுப்போ படியவில்லை. ஈரம்தான் காரணம் என்றால் போர்டில் அங்கங்கே பல கீகள் தகராறு செய்யும். ஒரே நெடுவரிசையில் நூல் பிடித்தாற்போல் நிற்காது.

புனலூருக்கு ஒரு போன்

விற்ற மாணவரிடம் பேசிவிடுவது நல்லது என்று தோன்றியது. குறை சொல்ல இல்லை, எங்கெல்லாம் கை பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. பழைய பொருளில் பழுது பெரும்பாலும் முந்தைய கை பட்ட இடத்தில்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

"எல்லா ஸ்விட்சும் ஞான் தன்னே ஊரி லூப் செய்ததா சேட்டா. ஒரெண்ணம் கேறியில்லா, கொறச்சு பலம் கொடுத்து" என்றார் அந்தப் பையன், ஒளிவுமறைவு இல்லாமல். எல்லா ஸ்விட்சையும் தானே பிடுங்கி கிரீஸ் போட்டதாகவும், ஒன்று மட்டும் இறங்காததால் கொஞ்சம் பலம் கொடுத்ததாகவும் மலையாளத்தில் சொல்கிறார்.

சத்தம் குறையவும் வழுக்கென்று இறங்கவும் ஸ்விட்சுகளைத் திறந்து கிரீஸ் தடவுவது மெக்கானிக்கல் கீபோர்டு ஆர்வலர்களிடம் பரவலான பழக்கம். ஸ்டெம் உரசும் ஓரங்களிலும் ஸ்பிரிங் முனைகளிலும் மெல்லிய பூச்சாக இருந்தால் நன்றாகவே இருக்கும். தகடுகள் தொடும் இடத்துக்குப் போகக்கூடாது. அதிகம் தடவினால் சிலதில் அது தானாகவே வழிந்து போய்ச் சேரும். அவர் விற்கும்போது இந்தக் குறை தெரியவில்லை என்று சொன்னதையும் நான் நம்புகிறேன். அவர் கேம் விளையாட வைத்திருந்தவர். அதில் எச், எல், என் கீகளுக்கு வேலை குறைவு. தமிழ்99-ல் அவை க, த, ல. நம் வாக்கியத்தில் ஓயாமல் வரும் எழுத்துகள்.

சரிசெய்தது

த ஸ்விட்சின் தகடுகளை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவைத்தேன். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். அருகில் தீ கூடாது. சானிடைசரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் சேர்ந்திருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் ஸ்விட்சின் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். துடைத்த பிறகு துள்ளல் நின்றது. ஆனாலும் த-வின் இடத்தில் ஸ்க்ரோல் லாக்கின் ஸ்விட்சையே விட்டுவிட்டு, துடைத்ததை ஸ்க்ரோல் லாக்கில் வைத்தேன். பத்திரம் தட்டுகிற போர்டில் சந்தேகத்துக்கு உரியது யாரும் தொடாத இடத்தில் இருக்கட்டும்.

க-வுக்கு ஜம்பர் அடிக்க, அதாவது வெடித்த டிராக்குக்குப் பதில் ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. எழுந்த பேடை அமுக்கி மேலே ஈயம் விட்டால் அப்போதைக்கு ஓடும், அடுத்த முறை இடிக்கும்போது மறுபடி விட்டுவிடும். அதனால் அந்தப் பேடை நம்பாமல் ஒரு வழி போட்டேன். எனாமல் பூசிய மெல்லிய ஜம்பர் ஒயரை ள-வின் பேடிலிருந்து ல-வின் பேடுக்கு நேராக இழுத்து, நடுவில் ஒரு கிளையை க சாக்கெட்டின் உலோகக் காதில் சேர்த்தேன். ஒயரின் முனைகளில் எனாமலைச் சுரண்டி, முன்கூட்டியே ஈயம் பூசிவைத்தால் வேலை சுருக்காக முடியும். சால்டரிங் அயர்ன் 330 டிகிரியில். சாக்கெட் பிளாஸ்டிக் என்பதால் முனையை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்கக்கூடாது, அதிகம் சுட்டால் மிச்சமுள்ள பேடும் எழுந்துவிடும். தொழிற்சாலையில் வைத்த ஈயமில்லாக் கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183-லேயே உருகிவிடும், அதைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் பழையதும் எளிதாக இளகும்.

சாக்கெட்டைச் சமமாக அமுக்கிப் பிடித்து, ஓரங்களில் மட்டும் அரால்டைட் வைத்து ஒரு ராத்திரி காயவிட்டேன். கால் நுழையும் துளைப் பக்கம் ஒரு பொட்டு பசை போனாலும் சாக்கெட் வீணாகிவிடும். அதனால் பசையைப் பல்குச்சி நுனியில்தான் தொட்டு வைத்தேன். ஒயர் ஆடாமல் இருக்க இரண்டு இடத்தில் யுவி மாஸ்க், புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் பூச்சு. தழும்புள்ள காலைக் கொண்ட ஸ்விட்ச் பாஸ் இடத்திலேயே இருக்கிறது. க-வில் கால் நேராக உள்ள ஸ்விட்சை, பின்னாலிருந்து சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொண்டு செருகினேன்.

மூடுவதற்கு முன் பல்குச்சியால் மறுபடி நெம்பிப் பார்த்தேன். பீப் விடவில்லை. மூடிய பிறகு இவ்டெஸ்டில் க, த, ல மூன்றையும் மெதுவாகவும் ஓங்கியும் ஓரத்தில் சாய்த்தும் தட்டினேன். ஒரு தட்டுக்கு ஒரு 1, ஒரு 0. அப்புறம் அக்காவையே உட்காரவைத்து 'மகள்', 'மக்கள்', 'பகல்', 'பக்கம்', 'சதுர அடி', 'பத்திரம்', 'நிலம்', 'இலை', 'இல்லை' என்று தட்டச் சொன்னேன். ஒற்றை வரவேண்டிய இடத்தில் ஒற்றையும் இரட்டை வரவேண்டிய இடத்தில் இரட்டையும் சரியாக விழுந்தன. இந்த இரண்டாவதையும் பார்ப்பது அவசியம். இரட்டிப்பு நின்றதா என்று மட்டும் பார்த்தால், வேண்டிய இரட்டையை விழுங்குகிறதா என்பது தெரியாது.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, இந்தக் கீபோர்டில் முன்பு தட்டி இன்னும் பதிவுக்குப் போகாத பத்திரங்களை எடுத்து வைத்து, க-வும் த-வும் வரும் இடங்களை வரி வரியாக வாசிக்க ஆரம்பித்தார். அந்த வேலையை அவர் தானாகவே செய்தார், யாரும் சொல்லவில்லை.

இனி கவனிக்க வேண்டியது

எல்லா ஸ்விட்சிலும் அதே கிரீஸ்தான் தடவியிருக்கிறது. ஆகவே ர, ன, ப மாதிரி அதிகம் தட்டும் கீகளில் வேறு எதிலாவது துள்ளல் வரலாம். அக்காவிடம் ஸ்விட்ச் பிடுங்கும் இடுக்கியைக் கொடுத்து, செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறேன். ஏதாவது கீ இரட்டித்தால் அதன் ஸ்விட்சை இன்சர்ட் இடத்து ஸ்விட்சோடு மாற்றிப் போட வேண்டும். செருகும் முன் இரண்டு காலும் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே இறங்காவிட்டால் அழுத்தக்கூடாது, எடுத்துப் பார்க்க வேண்டும். பழுது ஸ்விட்சோடு நகர்ந்தால் அந்த ஸ்விட்சை மட்டும் துடைக்கக் கொண்டுவந்தால் போதும். நகராமல் அங்கேயே நின்றால் தட்டுவதை நிறுத்திவிட்டு போர்டைக் கொண்டுவர வேண்டும். க-வின் ஸ்விட்சை மட்டும் எக்காரணம் கொண்டும் அவர் பிடுங்கக்கூடாது. அடையாளத்துக்கு அதன் கீகேப்பின் அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.